மனேஜருக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் ஓர் ஆட்சிக்குப் பயந்து கனடாவுக்கு ஓடி வந்தவர்கள். ஒருவர் மட்டும் அந்த ஆட்சி போய்விட்டதே என்று ஓடி வந்தவர். அவரை நாங்கள் இணைப்பாளர் என்று அழைத்தோம். அவருக்கும் அது பிடித்திருந்தது.

கொழும்பில் ஓர் அமைச்சருக்கு அவர் இணைப்பாளராக இருந்தார். எதை எதோடு இணைத்தார் என்பது கடைசிவரை எவருக்கும் விளங்கவில்லை. அமைச்சர் காரில் இருந்து இறங்கும்போது கதவைத் திறந்துவிடுவார். அமைச்சர் ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு வந்தால் மாலையை எடுத்து நீட்டுவார். லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் பெடியன்களைப் பொலிஸ் அள்ளிக்கொண்டு போன காலத்தில், தாய்மார் விடியமுன் வந்து இவருடைய வாசலில் நிற்பார்களாம். இவர் குளித்து, திருநீறு பூசி, சாப்பிட்டு, சாவகாசமாக வெளியே வந்து, "மேலிடத்தோடை கதைச்சிட்டன், யோசியாதேங்கோ" என்பாராம். அந்த மேலிடம் ஒரு பெடியனையாவது வெளியே விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படி நின்றவர்களில் என் மாமியும் ஒருவர்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த தேர்தலில் அந்தக் கட்சி விழுந்தது. ஜீப் போனது, காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் போனார்கள், வாசலில் நின்ற சனமும் போனது. ரொறன்ரோவில் இருந்த மகன் ஸ்பொன்சர் பண்ணி எடுப்பித்தான். மருமகள் ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு, மாமாவும் மாமியும் 'சுதந்திரமாக' இருக்கட்டும் என்று, ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் இருந்த எங்கள் கட்டடத்தின் பதினாலாம் மாடியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது. யூனிவர்சிட்டியில் அரசியல் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். பஸ்சில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, உலகத்தை எந்த மூலையில் பிடித்து உலுப்பலாம் என்று தேடிக்கொண்டிருந்த காலம். அந்த மூலை எங்கள் கட்டடத்து லிப்ட் என்று பிறகுதான் தெரிந்தது.

கட்டடத்தில் இரண்டு லிப்ட். ஒன்று, நான் அறிந்த நாள் முதல், மஞ்சள் நாடா கட்டியபடி செத்துக் கிடந்தது. மற்றது நினைத்தால் ஓடும். பதினொராம் மாடியில் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். நாற்பது வயதுகூட இராது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். ஏற்றிப்போக வரும் வான் வாசலில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், ஆளைக் காணாவிட்டால் போய்விடும். லிப்ட் ஓடாத நாட்களில் அக்கா படிகளில் குந்திக் குந்தி இறங்குவார். திரும்பி வரும்போது ஏற உடம்பில் ஒன்றும் இராது. பேக்கரி வேலையால் வந்த கணவர், குசினிக் கதிரையில் அவரை இருத்தி, பழைய சேலையால் சேர்த்துக் கட்டி, அகப்பட்ட ஒருவரை மற்றப் பக்கம் பிடிக்கவிட்டுத் தூக்கிக்கொண்டு ஏறுவார். அக்காவின் வாய்க்கு மட்டும் களைப்பே வராது.

"திருவிழாவிலை மாதா சுத்தி வாற மாதிரி இருக்கு. ஒரு சனமும் பூப் போடுதில்லையே!" என்று மேலே பார்த்துக் கத்துவார்.

இரண்டாம் மாடியில் ஓர் அப்பார்ட்மென்ட் காலியாகக் கிடந்தது. அக்கா போய்க் கேட்டார். பார்ப்போம் என்றார் கட்டட மனேஜர். மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே நான் ஒரு சங்கம் தொடங்கினேன். குடியிருப்பாளர் சங்கம். கோரிக்கை இரண்டே இரண்டு: லிப்டைத் திருத்து, திருத்தும்வரைக்கும் இரண்டாம் மாடி வீட்டை அக்காவுக்குக் கொடு. கதவு கதவாகத் தட்டி, கீழே பார்ட்டி ரூமுக்கு எல்லோரையும் வரச் சொன்னேன். வெறுங்கையோடு கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்பதால் அம்மாவைக் கெஞ்சி மட்டன் றோல்ஸ் செய்வித்தேன். வந்தார்கள்.

இணைப்பாளரும் வந்தார். வெளியே பனி கொட்டுகிறது, மனிதர் கஞ்சி போட்டு மடித்த வெள்ளைச் சேட்டும் பையில் இரண்டு பேனையுமாக வந்து, முன்வரிசைக் கதிரையைத் தேடினார். வட்டமாகப் போட்டிருந்தேன், முன்வரிசை கிடையாது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"கூட்டத்துக்குத் தலைமை ஆர்?"

"தலைமை எண்டு ஒருத்தரும் இல்லை அங்கிள். எல்லாரும் கதைக்கலாம்."

"தலைமை இல்லாட்டி உது சந்தை, பிள்ளை. கூட்டம் இல்லை."

எழுந்து கதைக்கத் தொடங்கினார். கடல் கடந்து வந்தாலும் கட்டுப்பாடு இழக்காத இனம் என்று தொடங்கி, போசகர், தலைவர், உபதலைவர், நிர்வாகச் செயலாளர், ஆலோசனைச் சபை என்று அடுக்கிக்கொண்டு போனார். லிப்ட் என்ற சொல் எங்கேயும் வரவில்லை. றோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற ஒருவர் பொறுக்க முடியாமல், "அப்ப அண்ணையே தலைவரா இருக்கட்டும்!" என்றார். "நான் ஆமோதிக்கிறன்!" என்றது இன்னொரு குரல், வாயில் ஏற்கெனவே றோல்ஸ் இருந்தது. எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தராத முறையில் ஆட்சி கைமாறியது.

என் பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி, அன்ரி, கையில் இருந்த கடதாசிக் கோப்பையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "ரெண்டு வருஷமா வீட்டிலை நிம்மதியாச் சமைச்சன். முடிஞ்சுது."

தலைவர் அடுத்த நாளே மனேஜரைக் காணப் போனார். திரும்பி வரும்போது முகம் பூத்திருந்தது. மனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தாராம். கோப்பி கொடுத்தாராம். 'மிஸ்டர் பிரசிடென்ட்' என்று கூப்பிட்டாராம். எத்தனையோ வருடமாக அமைச்சரின் காருக்குக் கதவு திறந்தவரை, இந்த நாட்டில் இறங்கிய பிறகு எழுந்து வரவேற்ற முதல் வெள்ளைக்காரன். ஆள் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். நேரே பதினொராம் மாடிக்கு ஏறிப்போய் அக்காவிடம் சொன்னார்.

"ஒண்டுக்கும் யோசியாதை தங்கச்சி. மேலிடத்தோடை கதைச்சிட்டன்."

"மேலிடம் எனக்கு வேண்டாம் அண்ணை," என்றார் அக்கா. "நான் கேக்கிறது ரெண்டாம் மாடி."

தைப்பொங்கல் வந்தது. சங்கத்தின் பொங்கல் விழா பார்ட்டி ரூமில் என்றும், பிரதம விருந்தினர் மனேஜர் என்றும் தலைவர் அறிவித்தார். நான் துள்ளினேன்.

"லிப்டைத் திருத்தாத மனுசனுக்கு மாலையோ அங்கிள்?"

"நீர் புத்தகத்திலை படிக்கிறது வேறை பிள்ளை. முதல்லை ஆளைக் குளிர வைக்க வேணும். குளிர்ந்த ஆள் பேந்து இல்லை எண்டு சொல்லமாட்டான்."

கமிட்டியில் எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் விழாக்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இல்லை. மேடையில் ஏறிய ஒருவர் வெறும் கழுத்தோடு இறங்கினால் எங்களுக்கு நித்திரை வராது. வந்தவர் கள்ளனோ நல்லவனோ, மாலை, பொன்னாடை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல், மூன்றும் உண்டு. வாழ்த்து மடலை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். தலைவரே எழுதினார். அமைச்சருக்கு எழுதிய பழக்கம் கையில் இருந்தது.

அன்றைக்கு லிப்ட் ஓடவில்லை. பார்ட்டி ரூம் கீழ்த்தளத்தில் என்பதால் மனேஜருக்கு அது தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மாலையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாரத்தில் மனிதர் ஒரு பக்கம் சரிந்தார். பொன்னாடையைப் போர்த்தியதும், குளித்துவிட்டு வந்தவர்போல அதைத் தோளில் இறுக்கிப் பிடித்தபடி சிரித்தார். தலைவர் மடலைக் குரல் தழுதழுக்க வாசித்தார். குடியிருப்பாளரின் நலனையே தன் நலனாகக் கொண்டவர், இரவு பகல் பாராதவர், தடையில்லாத சேவைக்கு இலக்கணமானவர். கீழே ஒப்பம்: அனைத்துக் குடியிருப்பாளரின் சார்பாகத் தலைவர். கைதட்டல் எழுந்தது. நானும் வயிறு நோகச் சிரித்தேன். அக்காவின் கணவர் ஒரு டப்பாவில் பொங்கலைப் போட்டுக்கொண்டு படியால் ஏறிப் போனார்.

இதற்கிடையில் நான் நகரசபைக்கு முறைப்பாடு செய்திருந்தேன். மாசி மாதம் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். அன்று காலையில் இருந்து லிப்ட், புது மாப்பிள்ளை மாதிரி, மெத்தப் பணிவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மனேஜரின் அறையில் அவரும் இன்ஸ்பெக்டரும் தலைவரும் நானும் இருந்தோம். மாதக்கணக்காக லிப்ட் நின்றதைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன்.  மனேஜர் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்தார். மாலையோடு எடுத்த போட்டோவையும் பக்கத்தில் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் மடலை ஒரு சொல் விடாமல் வாசித்தார். 'தடையில்லாத சேவை' என்ற இடத்தில் விரலை வைத்துத் தலைவரைப் பார்த்தார். இது உங்கள் ஒப்பமா? ஆம். எல்லாக் குடியிருப்பாளரின் சார்பாகவுமா? ஆம். அப்படியானால் லிப்டில் பிரச்சினை இருக்கிறதா, இல்லையா?

 தலைவர் மனேஜரைப் பார்த்தார். ஒரு சொல் போதும், 'இருக்கிறது' என்று. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிர்வாகத்தோடு எங்களுக்கு மிகவும் சுமுகமான உறவு நிலவுகிறது என்று நல்ல கொழும்பு ஆங்கிலத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் பேனையை மூடினார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. வீட்டில் ஏதோ பிரச்சினை, பிள்ளை இங்கே வந்து கத்துகிறது என்று நினைத்திருப்பார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் அங்கிள் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"மாலை போட்ட கழுத்தையே பிள்ளை நெரிக்கிறது? அது எங்கடை பண்பில்லை."

"அப்ப அக்கான்ரை கழுத்து?"

"அவவுக்கு மாலை போட்டனாங்களோ?" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துச் சொன்னார்.

பங்குனியில் இரண்டாம் மாடி வீடு கொடுக்கப்பட்டது. தலைவருக்கு. குடியிருப்பாளர் எந்த நேரமும் எளிதில் சந்திக்கக்கூடிய இடத்தில் தலைவர் இருப்பது நல்லது என்று மனேஜர் கருதினாராம்.

வீடு மாறிய நாளை நான் மறக்கமாட்டேன். லிப்ட் நின்றுவிட்டது. தலைவரின் சோபாவை நாலு பேர் படியால் இறக்கிக்கொண்டு வந்தார்கள். அதே நேரம் டயலிசிஸ் முடிந்து வந்த அக்காவைக் கதிரையில் வைத்துக் கணவரும் நானும் ஏற்றிக்கொண்டு போனோம். ஆறாம் மாடித் திருப்பத்தில் சோபாவும் கதிரையும் முட்டிக்கொண்டன. இரண்டுக்கும் இடம் இல்லை. சோபாவுக்குப் பின்னால் அன்ரி, கையில் ஒரு பூச்சாடியோடு. அவருக்கும் பின்னால் மேற்படியில் நின்று தலைவர் நிலைமையை ஆராய்ந்தார்.

"கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ. முதல் சோபா போகட்டும், அது பாரம்."

நாங்கள் அக்காவைச் சுமந்தபடி அரை மாடி பின்னால் இறங்கினோம். சோபா கடந்து போகும்போது அக்கா தலையைச் சரித்துக் கேட்டார்: "ஏன் அண்ணை, சோபாவுக்கு மூச்சு வாங்குதே?"

தூக்கி வந்த பெடியன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் சோபாவைச் சுவரில் இடித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. பூச்சாடியோடு அப்படியே நின்று, நாங்கள் ஏறி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் காலம் தொடங்கத் தலைவருக்குக் கொழும்பில் இருந்து அழைப்பு வந்தது. ஏதோ ஒரு சபைக்குத் தேர்தல், புதிய அரசாங்கத்துக் கட்சிக்குப் பட்டியலில் போடத் தமிழ்ப் பெயர்கள் வேண்டுமாம். இவருடைய கட்சியைத் தோற்கடித்த அதே கட்சி. நான் கேட்டேன், வெட்கமில்லையா என்று அல்ல, அதைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றி.

"என்ன பிள்ளை கட்சி மாறினது?" என்றார், மனம் நொந்து. "நான் எப்பவும் அரசாங்கத்தோடைதான் நிண்டனான். அரசாங்கமெல்லோ மாறிப்போட்டுது!"

பிரியாவிடை நடந்தது. அவருக்கும் ஒரு பொன்னாடை. அன்ரியையும் வரச் சொன்னார். "எனக்கு இங்கிலீஷ் கிளாஸ் இருக்கு. நீங்கள் முன்னுக்குப் போங்கோ," என்று அன்ரி சேட்டுகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

அவர் பறந்த மறுநாள் காலை அன்ரி என் கதவைத் தட்டினார். "வா பிள்ளை, மனேஜரிட்டைப் போவம். நான் சொல்லுறதை அப்பிடியே இங்கிலீஷிலை சொல்லு. உன்ரை சரக்கைச் சேர்க்காதை."

அன்ரி கேட்டது எளிது. தான் பதினொராம் மாடிக்குப் போவார், அக்கா குடும்பம் இரண்டாம் மாடிக்கு வரட்டும். மனேஜர் விதிகளைப் பற்றிச் சொன்னார், தலைவரோடுதான் பேசவேண்டும் என்றார். அன்ரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுவரைக் காட்டினார்.

"அப்ப அந்தச் சட்டத்தைக் கழட்டித் தரச் சொல்லு. போட்டோவையும். போர்த்தின பொன்னாடை வீட்டிலை எண்டால் நாளைக்குக் கொண்டுவரச் சொல்லு. எங்கடை ஆக்கள் குடுத்தது, நாங்கள் திருப்பி எடுக்கிறம். அந்த இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டு, எடுத்ததைக் காட்டிறம்."

எங்கள் சரித்திரத்தில் கொடுத்த பொன்னாடையை எவரும் திருப்பிக் கேட்டதில்லை. என் சரக்கு எதையும் சேர்க்காமல் அப்படியே மொழிபெயர்த்தேன். மனேஜர் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் அவரை ஒருவர் புகழ்ந்து எழுதியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், தலைமை அலுவலகத்தில் இருந்து வருபவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவாராம். கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. வாடகை ஒப்பந்தம் தலைவரின் பெயரில்தான் இருக்கும். அவர் திரும்பி வந்து கேட்டால் அக்கா வெளியேற வேண்டும்.

அந்தச் சனிக்கிழமையே கதிரையும் கட்டிலும் இறங்கின. அக்கா தன் காலால் ஒரு மாடி ஏறி, வாசலில் நின்று மூச்சு விட்டு, "இதுவோ ரெண்டாம் மாடி? அமெரிக்காவைக் கண்டுபிடிச்சதுகூட இவ்வளவு கஷ்டமா இருந்திராது" என்றார்.

தலைவர் கொழும்பில் இருந்து ரெலிபோனில் குதித்தார். அன்ரி றிசீவரைக் காதில் இருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது. தன் வீட்டை யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்றார், தேர்தல் சரிவராவிட்டால் தான் எங்கே வந்து இருப்பது என்றார். திடீரென்று குரல் தணிந்தது.

"அந்தத் தங்கச்சி மன்னார் எல்லே? கொழும்பிலை அவைக்குச் சொந்தக்காரர் கனபேரோ?"

அடுத்த மாதம் அக்காவின் அண்ணன் கொழும்பில் இருந்து ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பினார். தலைவர் கைகூப்பி நின்றார். கனடாவில் நோயுற்ற ஒரு தமிழ்ச் சகோதரிக்குத் தான் குடியிருந்த வீட்டையே ஈந்த வள்ளல் என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது. நான் கொதித்தேன். மறுப்பு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவோம் என்றேன். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி பிரசுரத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"விசரே உனக்கு? அண்ணனுக்கு ரெலிபோன் எடுத்து, குடும்பத்தோடை போய் அவருக்கு வோட்டுப் போடச் சொல்லிப்போட்டன்."

"அக்கா!"

"தோத்தால் ஆள் எங்கை வருவார்? இஞ்சை. இந்தக் கட்டிலுக்கு."

அதற்குப் பிறகு எங்கள் கட்டடம் நடத்திய தேர்தல் பிரசாரத்தை எந்தக் கட்சியும் நடத்தியிருக்காது. ரெலிபோன் கார்ட் வாங்கி வாங்கி, மாடி மாடியாக, கொழும்பில் இருந்த சித்தப்பாமார், மச்சான்மார், பழைய அயலவர் எல்லோருக்கும் எடுத்தோம். வாக்குச்சீட்டில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அவருடைய விருப்பு இலக்கத்துக்கு ஒரு புள்ளடி போடச் சொன்னோம். ஏன் என்று கேட்டவர்களுக்கு விளக்கினோம். விளக்கம் கேட்ட ஒருவர் சிரித்து இருமி, லைனே அறுந்துபோனது. ஜனநாயகத்தைப் பற்றி அந்த வருடம் நான் எழுதிய கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அதில் இவை ஒன்றும் இல்லை.

அப்பா மட்டும் மறுத்தார். "உன்ரை மாமி அவன்ரை வாசலிலை நிண்டவ. நான் எடுக்கமாட்டன்." பிறகு சாப்பிட இருந்தார். சாப்பிட்டு எழும்பும்போது கொழும்பு நம்பர் ஒன்றை எழுதிய கடதாசியை என் பக்கம் தள்ளினார். "நீ எடு. நான் சொன்னதெண்டு சொல்லாதை."

வென்றார். கடைசி ஆளாக, மயிரிழையில் வென்றார். செய்தி வந்த அன்று அக்காவின் வீட்டில் கேக் வெட்டினோம். அன்ரி அங்கிருந்தே கொழும்புக்கு எடுத்தார். மறுமுனையில் மேளச் சத்தமும் தலைவரின் தழுதழுத்த குரலும் கேட்டன. சனம் தன்னைக் கைவிடவில்லையாம். ஒரு மாதம் லீவு எடுத்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் நேரில் நன்றி சொல்லப்போகிறாராம்.

அக்கா கேக் துண்டைக் கையில் பிடித்தபடி அன்ரியையே பார்த்தார்.

"இஞ்சருங்கோ," என்றார் அன்ரி, இவ்வளவு காலத்தில் நான் அவரிடம் கேட்டிராத ஒரு கனிவோடு, "இப்ப வெளிக்கிட்டு வந்திடாதேங்கோ. சனம் தேடும்."